ஒத்திகையில் சொல்லாத வசனம்

பதினொரு வருடமாக ஒரே ஒரு வசனத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள், எனக்கென்ன.

எங்கள் நாடகக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. நாடகத்தின் கடைசி வசனத்தை ஒத்திகையில் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. முதல் நாள், மேடையில், ஆட்களுக்கு முன்னால்தான் அது வெளியே வர வேண்டும். முன்னாலேயே சொல்லிவிட்டால் நாடகம் அரங்கேறாது என்று குழுவை ஆரம்பித்த புண்ணியவான் யாரோ சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதனால் ஒத்திகையில் அந்த இடம் வந்தால் "அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு" என்று எண்ணி முடித்துக்கொள்வோம். எவ்வளவு பெரிய சோக நாடகமாக இருந்தாலும் எங்களுக்கு எட்டில்தான் முடியும்.

நான் சொல்ல வந்த நாடகத்தில் எனக்கு அக்கா வேஷம். அதற்கு முன்னால் பத்து வருடம் குழுவில் நான் வெறும் தையல்காரி. ராணிக்கு அங்கி, பிச்சைக்காரனுக்குக் கந்தல், எல்லாம் என் மிஷினில்தான். திரைக்குப் பின்னால் வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு நின்றபடி எல்லோருடைய வசனமும் எனக்கு மனப்பாடம். யாரும் என்னைக் கேட்டதில்லை. முப்பத்தாறாவது வயதில், நாடகத்தை எழுதிய பதிவு அலுவலக எழுத்தர் ஒரு நாள் என்னைப் பார்த்து, "இந்த அக்கா வேஷத்துக்கு நீதான்மா" என்றார். அன்றைக்கு நான் வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கதை இதுதான். தம்பி கொலை செய்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக அக்கா சாட்சி சொல்கிறாள். தம்பி பதினாலு வருடம் சிறையில் இருந்துவிட்டு வருகிறான். சண்டை, அழுகை, சாப்பாடு, மறுபடி சண்டை. கடைசியில் அவன் கேட்கிறான்: "அன்னிக்கு நீ என்னைப் பார்த்தியா, இல்லையா?" அக்கா பதில் சொல்கிறாள். திரை. அந்தப் பதில்தான் என் வசனம்.

அரங்கேற்றத்துக்கு முந்தின நாள் மத்தியானம், கூரையின் இரும்புச் சட்டங்கள் துருப்பிடித்துவிட்டன, எப்போது வேண்டுமானாலும் விழலாம் என்று நகராட்சியிலிருந்து வந்து அரங்கத்துக்குச் சீல் வைத்துவிட்டார்கள். என் உடையைத் தேய்க்கக் கொடுத்து வாங்கி உள்ளே மாட்டி வைத்திருந்தேன். அதை எடுக்கக்கூட விடவில்லை.

சரி, ஒரு வருடத்தில் கூரை போட்டுவிடலாம் என்றார்கள். கூரை, தீ விபத்துக்கு ஒரு தனிக் கதவு, புது வயரிங், மூன்றும் இருந்தால்தான் திறக்க முடியும். பழைய பேப்பர் சேர்த்து விற்றோம். கார் கழுவினோம். சினிமாப் பாட்டுப் போட்டி வைத்து நடுவர்களுக்குள்ளேயே அடிதடி வந்து, வந்த காசு ஒலிபெருக்கி வாடகைக்குப் போதவில்லை. இப்படியே ஒன்பது வருடம். அதற்குள் எனக்கு நாற்பத்தைந்து ஆகிவிட்டது. "அக்காவுக்கு முப்பத்தஞ்சு வயசுன்னு எழுதியிருக்கேன், பார்க்கலாம்" என்று எழுத்தர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். பார்க்கலாமாம்! எனக்கு நகை நட்டு ஆசை கிடையாது. ஊர் சுற்றும் ஆசை கிடையாது. அந்த மேடையில் நின்று அந்த ஒரு வசனத்தைச் சொல்ல வேண்டும். அது கிடைக்காமலே போய்விடுமோ என்று நினைத்தால் மிஷின் பெடலில் கால் அப்படியே நின்றுவிடும்.

என் வீட்டுக்காரர் மெக்கானிக். நாளெல்லாம் இஞ்சினோடு பேசுகிறவர், வீட்டுக்கு வந்தால் என் வாயைப் பிடுங்குவார்.

"அந்த வசனத்தை எனக்கு மட்டும் சொல்லேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"மாட்டேன்."

"காதுல சொல்லு."

"காதுல சொன்னா மட்டும் அது வசனமில்லையா? போங்க, கையைக் கழுவிட்டு வந்து சாப்பிடுங்க."

பத்தாவது வருடம்தான் நாற்காலி யோசனை வந்தது. கொண்டுவந்தவர் எங்கள் தலைவர். முப்பத்தாறு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் கண்டக்டர் அண்ணன். அரங்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு நாற்காலி. ஒவ்வொன்றையும் ஒருவருக்கு விற்பது, பணம் கொடுத்தவர் பெயரை நாற்காலியின் முதுகில் போடுவது, முதல் நாடகத்துக்கு அவர் அதில் உட்காருவது. பித்தளைத் தகடுக்கு ஏது வசதி? பெயர் தைத்த துணி உறை போடலாம் என்று நான்தான் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அண்ணன் வீடு வீடாக, கடை கடையாகப் போனார். அந்த மனிதருக்கு ஒருவரைப் பிடித்தால் விடத் தெரியாது. எட்டு மாதத்தில் இரும்பு வந்து இறங்கியது. கூரை ஏறியது. பதினொரு வருடத்தில் முதல் முறையாக அந்தக் கட்டடத்துக்கு மேலே வெயில் பட்டுப் பளபளத்தது. நான் தெருவில் நின்று அழுதேன், அதிலென்ன வெட்கம்.

பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ராப்பகலாக உறை தைத்தேன். ஒரு நாள் காலை இருநூற்றுப் பன்னிரண்டாவது உறையை முடித்து, நூலைக் கத்தரித்து, அப்பாடா என்று முதுகை நிமிர்த்தினேன். பட்டியலைப் பார்த்தால் இன்னும் ஒன்றரைப் பக்கம் மிச்சம். தப்பாக எண்ணிவிட்டேனோ என்று உறைகளை எல்லாம் கட்டிலில் பரப்பி எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது. பட்டியலை எண்ணினேன். இருநூற்று அறுபத்தொன்று.

பட்டியலை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அவர் வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நாற்காலி எத்தனை?"

"இருநூத்துப் பன்னிரண்டு."

"நீங்க வித்தது எத்தனை?"

"அது... கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன்மா."

"நாப்பத்தொன்பது பேர் அதிகமா இருக்காங்கண்ணே!"

அவர் நகத்தை ஊதிவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் துளிக் கவலை இல்லை. "நாப்பத்தொன்பது பேர்தானே தங்கச்சி? கொஞ்சம் உள்ள தள்ளி நின்னா சரியாப் போயிடும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கையிலிருந்த நகவெட்டியைப் பிடுங்கி எறிந்தேன். "இது பஸ் இல்லண்ணே! நின்னுக்கிட்டுப் பார்க்கிறதுக்கு அவங்க காசு குடுக்கல!" என்று கத்தினேன். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "ஏறணும்னு கையை நீட்டினவனை விட்டுட்டுப் போனதே இல்லம்மா நான்" என்றார். குனிந்து நகவெட்டியைத் தேட ஆரம்பித்தார். அதற்கு மேல் என்ன திட்டுவது?

இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மேல் ஒருவரைக்கூட உள்ளே விடக் கூடாது என்பது நகராட்சி உத்தரவு. பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. அந்த நாற்பத்தொன்பது பேர் காசும் கூரையாக மேலே போய் உட்கார்ந்துவிட்டது. அவர்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்வது என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, சீல் வைத்த கதவுக்கு முன்னால், சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நாற்பத்தொன்பது பேரும் கூடினார்கள். விஷயத்தைச் சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். எல்லோரையும்விடப் பெரிய சத்தம் லாண்டரி அக்காவுடையது. கடைத்தெரு மூலையில் அவளுக்கு லாண்டரிக் கடை. அறுபது வயது இருக்கும், கரி பிடித்த விரல்கள், மைக் வேண்டாத குரல். நான்காவது வரிசை ஏழாவது நாற்காலியை அவளுக்கும் கொடுத்து, மருந்துக்கடைக்காரருக்கும் கொடுத்திருந்தார் அண்ணன்.

"அரங்கத்தை மூடுற வரைக்கும் இருபது வருஷம் உங்க நாடகத்துணியெல்லாம் நான்தான் தேய்ச்சுக் குடுத்தேன்! சாயங்காலம் கடையை விட்டு நகர முடியாம ஒரு நாடகம் பார்த்ததில்ல! சாகிறதுக்குள்ள ஒண்ணு பார்க்கலாம்னு காசு குடுத்தா, என் காதுல பூச்சுத்தறீங்களா? எடுங்கடா பணத்தை!"

"ஆமா, எடுங்க பணத்தை" என்று மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எழுத்தர் எப்போதோ காணாமல் போயிருந்தார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, அங்கே கிடந்த சிமென்ட் மேடையில் ஏறிவிட்டேன்.

"பணம் இல்லக்கா! கூரையில இருக்கு, வேணும்னா ஏறிப் பிச்சுக்க! நாடகம்தானே பார்க்கணும்? நில்லு, இப்பவே காட்டுறேன்!"

தம்பியாக நடிக்கும் எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போயிருந்தான். அண்ணனைக் கையைப் பிடித்து மேலே இழுத்து, என் பையிலிருந்த நாடகப் பிரதியைத் திணித்தேன். என் தம்பிக்கு அன்றைக்கு அறுபத்தெட்டு வயது, கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது. முதல் ஐந்து நிமிடம் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். தம்பி வீட்டுக்குள் வந்து, சாப்பிட உட்கார்ந்து, தட்டைத் தள்ளிவிடும் இடத்தில் சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு சைக்கிள் மணிச் சத்தம்கூட இல்லை. அண்ணன் கடைசிக் கேள்வியைத் தட்டுத் தடுமாறிப் படித்தார்.

"அன்னிக்கு நீ என்னைப் பார்த்தியா, இல்லையா?"

வாயைத் திறந்தேன். வசனம் நாக்கு நுனியில் இருந்தது. எதிரே நாற்பத்தொன்பது பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். மூடிக்கொண்டேன்.

"மிச்சத்தை உள்ள வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

ஐயோ, என்ன கூச்சல்! "ஏய், பதிலைச் சொல்லிட்டுப் போ!" என்று லாண்டரி அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பார்த்தாளா பார்க்கலையா? அதையாவது சொல்லு!" சொல்வேனா? ஒத்திகை வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். முனகிக்கொண்டே கலைந்தார்கள். பணத்தை மட்டும் யாரும் மறுபடி கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அரங்கத்துக்காக அலைந்தது நாங்கள் இல்லை, லாண்டரி அக்காதான். துணி எடுக்க வந்தவர்களிடமெல்லாம் கதையைச் சொல்லி, கேள்வியோடு நிறுத்தி, "பதில் தெரியணும்னா கதவு வேணும், வயர் வேணும்" என்று உண்டியலை நீட்டினாள். நாற்பத்தொன்பது பேரில் ஒருவர் வெல்டர். அவரைக் குடைந்து குடைந்து, தீ விபத்துக் கதவைக் கூலி வாங்காமல் செய்ய வைத்தாள். மூன்று நாள் ஆட்டம், நாற்காலிக்கு இரண்டு பெயர் இருந்தால் சீட்டுக் குலுக்கிப் போட்டு நாள் பிரித்துக்கொள்வது என்று ஏற்பாடு. நான்காவது வரிசை ஏழாவது நாற்காலியில் முதல் நாள் அவளுக்கு விழுந்தது. மருந்துக்கடைக்காரரைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள், அறுபது வயதில். "அக்கா வேஷத்துக்கு வேற ஆளா? அன்னிக்கு ஆரம்பிச்சவதான் முடிக்கணும்" என்று எழுத்தரிடம் சொல்லிவிட்டாள். அவர் அதற்குப் பிறகு முப்பத்தைந்து வயது என்ற பேச்சை எடுக்கவில்லை.

என்னைத் தெருவில் கண்டால் போதும். "பார்த்தா, அப்படித்தானே?" என்பாள். நான் பேசாமல் நடப்பேன். மறுநாள், "பார்க்கல. பொறாமையில சொல்லிட்டா, அப்படித்தானே?" என்பாள். எனக்குக் கொண்டாட்டமாக இருக்கும். என் வசனத்துக்காக ஒருத்தி ஏங்குகிறாள் என்பது லேசான விஷயமா?

நகராட்சி அனுமதியோடு வேலையாட்கள் மட்டும் உள்ளே போய் வயரிங் தொடங்கின வாரம் அவள் கடை பூட்டிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள். பெண்கள் வார்டு, எட்டுக் கட்டில், பார்வையாளர் நேரம் நான்கிலிருந்து ஐந்து. போர்வைக்குள் பாதி ஆளாகிப் படுத்திருந்தாள்.

"எப்பத் திறக்கிறாங்க?" என்றாள் என்னைப் பார்த்ததும்.

"இன்னும் நாலு மாசத்துல திறந்துடலாம்க்கா."

"எனக்கு நாலு மாசம் இல்லம்மா." அழவில்லை. கடையில் துணி ரெடியாகவில்லை என்று சொல்கிற குரல். "பதிலைச் சொல்லேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "சொன்னா அரங்கேறாதுக்கா" என்றேன். சாகக் கிடக்கிறவளிடம். இத்தனை பேர் காசு, இத்தனை வருடம் என்று எனக்குள் நூறு காரணம் ஓடியது. எல்லாம் பொய். அந்த வசனம் முதலில் மேடையில்தான் வர வேண்டும், அது எனக்கு வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

"சரி விடு" என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்று நாள் எனக்கு ஒரு தையல் நேராக வரவில்லை. ஒரு காலரைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "போய்ச் சொல்லிட்டு வாயேன். அரங்கேறலைன்னா போகட்டும்" என்றார்.

"உங்களுக்கென்ன, ஈஸியா சொல்லிட்டீங்க."

"பதினொரு வருஷமா கேட்டவன் சொல்றேன், போ" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் நான்கு மணிக்குப் போனேன். பக்கத்துக் கட்டில்காரி பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழாமல் சொல்லிவிடலாம் என்று குனிந்தால், லாண்டரி அக்கா கையை உயர்த்தித் தடுத்தாள்.

"இப்படியா சொல்லுவே? தள்ளி நில்லு. எனக்குத் தெரியற மாதிரி நில்லு."

கட்டில் காலடிக்குப் போனேன். இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கேட்க ஆள் வேண்டுமே, யார் கேட்பது என்று விழித்தேன். அவளே தலையணையில் கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தாள்.

"அன்னிக்கு நீ என்னைப் பார்த்தியா, இல்லையா?"

அந்தக் கேள்வியை எலக்ட்ரீஷியன் நூறு தடவை கேட்டிருக்கிறான். அண்ணன் கேட்டிருக்கிறார். ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. நான் எண்ணவில்லை. சொன்னேன்.

"உன்னைப் பார்க்கலடா தம்பி. உன் சட்டையைத்தான் பார்த்தேன்."

பக்கத்துக் கட்டில்காரி பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். லாண்டரி அக்காவின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"அடிப்பாவி!" என்றாள். அந்த உடம்பில் அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ. "பதினாலு வருஷம்டீ! பதினாலு வருஷம் அந்தப் பிள்ளை உள்ள கிடந்தான்! ஒரு சட்டையைப் பார்த்துட்டா சாட்சி சொன்னே? ஒரு நாளைக்கு ஒரே மாதிரி எத்தனை சட்டை என் கையில போகுது தெரியுமா? நீ நல்லா இருப்பியாடீ? போ இங்கேருந்து! என் முகத்துல முழிக்காத!"

நர்ஸ் ஓடி வந்தாள். லாண்டரி அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. நான் நாடகத்து அக்காவாகவே நின்றுகொண்டிருந்தேன். பதினாலு வருடம் ஒரு பிள்ளையைச் சிறையில் வைத்த பாவம் அத்தனையும் என் மேல் இருந்தது. அதே நேரம், சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். "ஓ, சட்டையா" என்றார். பிறகு வெகுநேரம் வாசலில் போய் உட்கார்ந்திருந்தார்.

லாண்டரி அக்கா அந்த மாதக் கடைசியில் போய்விட்டாள். அதற்குள் இரண்டு தடவை பார்க்கப் போனேன். ஒரு தடவை தூங்கிக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி என்ன சொன்னான்?" என்று கேட்டாள். அத்தோடு திரை விழுந்துவிடும் என்றேன். "அவன் பாவம்" என்றாள்.

வசனத்தைச் சொல்லிவிட்டேன் என்று குழுவில் ஒப்புக்கொண்டபோது கண்டக்டர் அண்ணன் முதல் முறையாக என்மேல் கோபப்பட்டார். எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஒன்றும் போகவில்லை. வயரிங் முடிந்தது, நகராட்சியிலிருந்து வந்து பார்த்துச் சீலை உடைத்தார்கள். பதினொரு வருடம் உள்ளே தொங்கிய என் உடை எனக்குப் பத்தவில்லை. இரண்டு பக்கமும் பிரித்து விட்டுத் தைத்தேன்.

முதல் நாள் அரங்கம் நிறைந்திருந்தது. நான்காவது வரிசை ஏழாவது நாற்காலியில் மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். உறையில் அவர் பெயரும் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. விளக்கு என் முகத்தில் விழுந்தது. எலக்ட்ரீஷியன் நன்றாகவே கேட்டான். நான் ஆசைப்பட்ட மேடையில், ஆசைப்பட்ட இடத்தில் நின்று, என் வசனத்தைச் சொன்னேன். ஒரு சொல் பிசகவில்லை.

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். திரை இறங்க நான்கு நொடி ஆகும், அந்த நான்கு நொடியும் இருட்டுக்குள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். வெகுநேரம் தட்டினார்கள். ஒருத்தர்கூட என்னைத் திட்டவில்லை.